தோற்றவர்களுக்கு மஞ்சள் தாள்

யாமினியின் கைப்பையில் எப்போதும் இரண்டு பேனாக்கள் இருக்கும். சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று. பாஸ்கெட்பால் ஸ்கோர் தாளில் முதல் குவார்ட்டரையும் மூன்றாவதையும் சிவப்பில் எழுத வேண்டும். இரண்டாவதையும் நான்காவதையும் நீலத்தில். புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் விளையாட்டு டீச்சர். ஆனால் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் பந்து தட்டிய யாரைக் கேட்டாலும் அவள் ஸ்கோர் அக்காதான். பதினேழு வருஷமாக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறாள். அவள் எழுதிய தாளில் ஓர் அடித்தல், ஒரு திருத்தல் பார்த்தவர் கிடையாது.

"இன்னா நேர்த்தி! நீ ஜாதகம் எழுதப் போயிருக்கணும்" என்று அவள் புருஷன் கேலி செய்வான். யாமினி சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். எதற்காக ஸ்கோர் எழுதக் கற்றுக்கொண்டாள் என்பதை அவனிடம்கூடச் சொன்னதில்லை. அந்தக் காரணம் பீரோவில், முகூர்த்தப் புடவைக்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் மடித்த ஒரு மஞ்சள் தாளாக இருந்தது.

ஸ்கோர் தாளுக்குக் கார்பன் வைத்து மூன்று பிரதி எடுப்பார்கள். வெள்ளை போட்டி நடத்துகிறவர்களுக்கு. ரோஸ் ஜெயித்தவர்களுக்கு. மஞ்சள் தோற்றவர்களுக்கு.

அது 2003-ஆம் வருஷத்து மஞ்சள். அப்போது யாமினிக்கு இருபது வயது. பிச்சாட்டூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து சத்தியவேடு வழியில் இருந்த ஒரு சின்ன டிகிரி காலேஜுக்கு பஸ்ஸில் போய்ப் படித்தாள். கேப்டன், ஜெர்சி நம்பர் ஒன்பது. மண் மைதானம், ஒரே ஒரு வளையம், மழைக்காலத்தில் அதுவும் கிடையாது. அந்த டீமை வருஷம் தவறாமல் திருப்பதிக்குக் கூப்பிடுவார்கள். கூப்பிடுவதற்குக் காரணம் இருந்தது. காலேஜ்களுக்கு நடுவிலான நாக் அவுட் போட்டி தொடங்குகிற காலையில், எட்டு மணிக்கு, பெரிய டீமுக்குக் கை சூடேற ஒரு சின்ன டீம் வேண்டும். அந்த மாதிரி டீம்களுக்கு எட்டு மணி டீம் என்றே பெயர். எட்டு மணிக்கு ஆடி, ஒன்பதரைக்குத் தோற்று, பொட்டலத்தில் தரும் தக்காளிச் சாதத்தைத் தின்றுவிட்டுப் பதினொன்றரை பஸ்ஸில் ஊருக்குப் போய்விட வேண்டும். மாற்றுத் துணி எடுத்து வருகிற வழக்கமே அவர்களுக்கு இல்லை.

அந்த வருஷம் அவர்கள் எதிரே நின்றது திருப்பதியில் ஒரு பெரிய தனியார் காலேஜ், சாம்பியன். எட்டு மணி டீம் ஒரே ஒரு பாயிண்டில் தோற்றது. முப்பத்தெட்டு, முப்பத்தேழு. மேசையில் ஸ்கோர் எழுதியவன் அந்தத் தனியார் காலேஜின் பழைய மாணவன், பெயர் ஸ்ரீஹரி. விளையாட்டு டைரக்டர் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தான்.

யாமினி வியர்வையோடு மேசைக்குப் போனாள். "அண்ணா, மூணாவது குவார்ட்டர்ல நான் போட்ட ஒண்ணு காணோம்ணா."

"காணோமா? போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் கம்ப்ளைண்ட் குடு" என்றான் ஸ்ரீஹரி. மேசையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ரெஃப்ரி ரெண்டு வெரலு காட்னாருண்ணா. நீங்கதான் அந்தாண்ட திரும்பிப் பேசிக்கினு இருந்தீங்க."

"இதோ பாரம்மா, பதினொன்றரைக்கு பிச்சாட்டூர் பஸ்ஸு. உட்டா சாயங்காலம்தான்." மஞ்சள் தாளைக் கிழித்து நீட்டினான். "மஞ்சள் மங்களகரம் கதா? கல்யாணப் பத்திரிகைக்கு ஆவும். வெச்சுக்கோ."

இன்னொரு சிரிப்பு எழுந்தது. அவள் வாங்கிக்கொண்டாள்.

நான்கு வருஷம் கழித்து, டீச்சர் வேலை கிடைத்த பிறகு, ஸ்கோர் எழுதுகிறவர்களுக்கான பரீட்சைக்குப் படித்தபோதுதான் ஒன்றைத் தெரிந்துகொண்டாள். தாளின் அடியில் ஒரு கட்டம் உண்டு. தோற்ற டீமின் கேப்டனுக்கு ஆட்சேபணை இருந்தால் அங்கே கையெழுத்துப் போடலாம். போட்டால் விசாரித்தே ஆக வேண்டும். அன்றைக்கு அந்தக் கட்டத்தின் மேல் ஸ்ரீஹரியின் முழங்கை இருந்தது. அதைப் படித்த நாள் யாமினி ராத்திரிச் சாப்பாடு சாப்பிடவில்லை. பரீட்சையில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தாள்.

அதன் பிறகு ஸ்ரீஹரி அதே தனியார் காலேஜுக்கு டைரக்டரானான். பதினோரு வருஷமாகப் பெண்கள் கோப்பை அவன் அலமாரியில்தான் இருந்தது. வருஷத்துக்கு நான்கைந்து ஆட்டங்களாவது யாமினியின் மேசைக்கு எதிரே வந்து நிற்பான். அவனுக்கு அவளை அடையாளமே தெரியவில்லை. "மேடம், வாட்டர் பாட்டில் இருக்கா?" என்று கேட்பான். அவள் எடுத்துக் கொடுப்பாள். வாயில் சார் என்பாள். மனசுக்குள் அவன்தான்.

எத்தனையோ தடவை அவன் டீமின் பாயிண்டில் ஒரு கோடு குறைத்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. அப்படிப் போட்டால் அவன் செய்ததையே அவளும் செய்ததாகிவிடும்; நாளைக்கு அவன் ஊரெல்லாம், அந்த ஸ்கோர்க்காரி தப்பா எழுதி எங்களைத் தோற்கடித்தாள் என்று சொல்லிக்கொண்டு திரிவான். அவனுக்கு அந்த ஆறுதல்கூடக் கிடைக்கக் கூடாது. அவன் தோற்க வேண்டும், எட்டு மணி டீமிடம் தோற்க வேண்டும், அந்தத் தாளை அவள் எழுத வேண்டும், அதில் அவன் ஆயுசு முழுக்கத் தேடினாலும் ஒரு பிசகு அகப்படக் கூடாது. இவ்வளவுதான் அவள் வேண்டிக்கொண்டது. திருமலைக்குப் போகும்போதெல்லாம் பிள்ளைகள் படிப்புக்கு அடுத்தபடியாக இதைத்தான் கேட்டாள்.

வழி எங்கே இருக்கிறது என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் கண்டுபிடித்தாள். ஸ்ரீஹரிக்கு ஒரு பழக்கம் இருந்தது. போட்டி தொடங்குகிற நாள் தன் மெயின் பிளேயர்கள் நான்கு பேரை மலைக்கு அனுப்பிவிடுவான். சாமி பார்த்து, பிரசாதத்தோடு இறங்கி, சாயங்கால ஆட்டத்துக்கு வந்தால் போதும். காலையில் எட்டு மணி டீமுக்கு ஜூனியர்கள் போதும். ஸ்கோர் தாளில் பன்னிரண்டு பேர்வரை எழுதலாம். பேர் எழுதியவர்கள் தாமதமாக வந்தாலும் இறங்கி ஆடலாம். பேர் இல்லாதவர்கள், கோச் கையெழுத்துப் போட்டு ஆட்டம் தொடங்கிவிட்ட பிறகு, பெஞ்சில்கூட உட்கார முடியாது. ஸ்ரீஹரி எட்டுப் பேரைத்தான் எழுதுவான். மூன்று வருஷமாக எட்டுத்தான்.

இனி வேண்டியது ஓர் எட்டு மணி டீம்.

அது இந்த வருஷம் ஜனவரியில் புத்தூரில் அவள் கண்ணில் பட்டது. பிச்சாட்டூர் பக்கம் புதிதாக வந்த ஒரு காலேஜின் பெண்கள் நட்பு ஆட்டம் ஒன்றுக்கு வந்திருந்தார்கள். பந்தைத் தரையில் தட்டவே மாட்டேன் என்றார்கள். கைக்குக் கை, கைக்குக் கை, பிறகு வளையம். யாமினி அவர்கள் கேப்டன் வேங்கடலக்ஷ்மியைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"நெல்லு காயவைக்கிற களத்துல ஆடுறோம்க்கா" என்றாள் அந்தப் பெண். "நெல்லு மேல பந்து எழும்பாது. தட்டினா நைனாங்க திட்றாங்க. அதான் தட்றதே கிடையாது."

யாமினி ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்க எதுவும் இல்லை. தட்டாமல் ஓடுகிற பந்தைப் பிடுங்கப் போகிறவள் பந்தை விட்டுக் கையை அடிப்பாள். கையை அடித்தால் ஃபவுல். ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே. அவள் அன்று பஸ்ஸில் ஃபவுல்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

ஃபிப்ரவரியில் திருப்பதியில் சீட்டுக் குலுக்கி அட்டவணை ஒட்டினார்கள். ஸ்ரீஹரியின் டீமுக்கு எதிரே யார் வருவார்கள் என்பது சாமி கையில் இருந்தது. சாமி கைவிடவில்லை. முதல் நாள், முதல் ஆட்டம், காலை எட்டு மணி, பிச்சாட்டூர். "அந்த மேட்ச்சு எனக்குக் குடுங்க சார், காலையிலயே முடிச்சுட்டா ஸ்கூலுக்குப் போய்டுவேன்" என்று போட்டிச் செயலாளரிடம் கேட்டு வாங்கினாள். ஆட்டத்துக்கு முந்தின நாள் பீரோவைத் திறந்து பிளாஸ்டிக் உறையைக் கைப்பையில் வைத்தாள்.

காலை ஏழேகால் மணிக்கு ஸ்ரீஹரி பட்டியலோடு மேசைக்கு வந்தான். தொப்பி, விசில், வாயில் பாக்கு. யாமினி எண்ணிப் பார்த்தாள். எட்டு.

ஸ்கோர் எழுதுகிறவள் கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டும். எப்படிக் கேட்பது என்று மட்டும் யோசித்து வைத்திருந்தாள். அவன் மறுக்கத் தோன்றுகிற குரலில், பணிவாக, கொஞ்சம் பயந்தவள்போல் கேட்டாள். "பன்னெண்டு எழுதலாம் சார். எட்டுதான் இருக்குது. பிச்சாட்டூருப் பசங்க நல்லா ஆடுறாங்கன்னு சொல்றாங்க."

"ஏந்தி மேடம், ஜோக்கா?" ஸ்ரீஹரி சத்தமாகச் சிரித்தான். "வீளக்கி எட்டே எக்குவ. இந்தப் பசங்களுக்கு எட்டே ஜாஸ்தி. என் ஸ்டேட் பிளேயர் பேரை இந்தத் தாள்ல எழுதினா தாளுக்குத்தான் மரியாத." கையெழுத்துப் போட்டான். அழகான கையெழுத்து; இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு சுழிகூட மாறவில்லை.

பக்கத்தில் ஸ்கோர் போர்டைத் திருப்புகிறவளாக தரணி இருந்தாள். பாகாலாவில் விளையாட்டு டீச்சர், யாமினிக்குப் பத்து வருஷம் இளையவள். "இன்னாக்கா, பேனாவ மூடி மூடித் தொறக்கிறே?" என்றாள்.

"டீ குடிக்கல" என்றாள் யாமினி.

முதல் குவார்ட்டர் சிவப்பில் ஏறியது. பன்னிரண்டு, ஒன்பது. பிச்சாட்டூர் முன்னால். ஸ்ரீஹரி பாக்கை மென்றுகொண்டு சிரித்தான். இரண்டாவது குவார்ட்டர் நீலம். இருபத்தைந்து, இருபது. ஸ்ரீஹரி பாக்கைத் துப்பினான். அவன் பெண்கள் பந்தைத் துரத்திக் கையை அடித்துக்கொண்டிருந்தார்கள். யாமினி அவர்கள் பேருக்கு நேரே ஃபவுல் கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பினாள். ஒருத்திக்கு மூன்று, ஒருத்திக்கு நான்கு. இடைவேளையில் அவன் போனை எடுத்துக் கத்துவது கேட்டது. "தரிசனம் ஆச்சா, லேதா? ஆச்சுன்னா லட்டு கவுண்டர்ல இன்னா வேல? கிளம்புங்க, ஜீப்பு பிடிங்க!"

மூன்றாவது குவார்ட்டர் முடிந்து, நான்காவதில் இரண்டு நிமிஷம் மிச்சம் இருந்தபோது அவர்கள் வந்து சேர்ந்தார்கள். நான்கு ஸ்டேட் பிளேயர்கள், கையில் லட்டுப் பை. அவர்களில் பெரியவளான மாதவி முடி காணிக்கை கொடுத்திருந்தாள். சந்தனம் பூசிய மொட்டைத் தலை வெயிலில் பளபளத்தது. பிச்சாட்டூர் பெண்கள் அவளைப் பார்த்ததும் ஒரு நொடி ஆட்டத்தையே மறந்தார்கள். அவள் பெயர் அவர்களுக்குப் பேப்பரில் பழக்கம்.

ஸ்ரீஹரி ஓடி வந்தான். "மேடம், நாலு பேர் சேருங்க. சீக்கிரம்."

"பேரு இல்ல சார்."

"இல்லன்னா எழுதுங்க! பேனா இருக்குது கதா?"

"கையெழுத்து ஆயிப்போச்சு சார். உங்க கையெழுத்துதான்."

அவன் மேசை மேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தான். "யாரும்மா நீ, எனக்கு ரூல் சொல்றே? உன் ஹெட்மாஸ்டர் யாரு? ஒரு போன் பண்ணா..." மைதானத்தை முழுக்க மறைத்துக்கொண்டு நின்றான். அவன் பெஞ்சில் இருந்தவர்கள், வந்த நான்கு பேர், தரணி, எல்லாரும் அவன் வாயையே பார்த்தார்கள். அந்த நேரத்தில் அவன் இடது முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே இருந்த சின்னச் சந்தில் யாமினி ஒன்றைப் பார்த்தாள். அவன் டீமின் நம்பர் ஏழு எறிந்த பந்து வலைக்குள் விழுந்தது. ரெஃப்ரி இரண்டு விரலைக் காட்டிவிட்டுத் திரும்பி ஓடினார்.

ரெஃப்ரியே ஆட்டத்துக்கு நடுவில் பக்கத்தில் வந்து, "சார், பேர் இல்லைன்னா இல்லதான், நகருங்க" என்ற பிறகுதான் அவன் நகர்ந்தான். போர்டில் பிச்சாட்டூர் நாற்பத்தைந்து, ஸ்ரீஹரி டீம் நாற்பத்துமூன்று என்று இருந்தது. தரணி அதைத் திருப்பவில்லை, அவள் பார்க்கவேயில்லை. அவன் பெண்களும் கேட்கவில்லை. மிச்சம் நாற்பது நொடி, மூச்சு வாங்குவதற்கே நேரம் இல்லை.

யாமினியின் நீலப் பேனா ஸ்ரீஹரி டீமின் வரிசையில் நாற்பத்தைந்து என்ற எண்ணுக்கு மேல் நின்றது.

அந்தக் கோட்டைப் போடாவிட்டால் நாற்பது நொடியில் எல்லாம் முடிந்துவிடும். ஒரு பாஸ்கெட் காணாமல் போகும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் காணாமல் போன அதே மாதிரி, அதே மேசையில், இந்தத் தடவை அவன் முழங்கையே அதை மறைத்திருக்கிறது. அவன் வந்து கேட்டால் சொல்வதற்கு, அன்று அவன் சொன்ன அதே பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. கேட்பதற்கு இனிப்பாக இருந்தது அந்தப் பதில்.

பிறகு அந்தத் தாளை அவன் கையில் நினைத்துப் பார்த்தாள். அவன் வீட்டுக்கு எடுத்துப் போய், வீடியோ போட்டுப் பார்த்து, கோடு கோடாக ஒப்பிட்டு, ஒரு நாள் சாயங்காலம், இதோ, இந்த இடத்தில் என்று விரல் வைப்பான். அன்று அவன் முகத்தில் வரப்போகிற சிரிப்பை அவளால் பொறுக்க முடியாது. அவனுக்கு அதைத் தரமாட்டேன், தரவே மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டைப் போட்டாள். நம்பர் ஏழு என்று பக்கத்தில் எழுதினாள். ஆட்டம் நின்றதும் மணியை அடித்து ரெஃப்ரியைக் கூப்பிட்டாள். "சார், ஒண்ணு போர்டுல ஏறல. நீங்க கை காட்டினது. நாப்பத்தஞ்சு, நாப்பத்தஞ்சு."

தரணி வாயைப் பிளந்தாள். ஸ்ரீஹரியே திகைத்துப் போனான்; ஆனால் உடனே கைதட்டினான். "பார்த்தீங்களா? என் பசங்க போட்டதையே மறைச்சிருக்காங்க!"

வேங்கடலக்ஷ்மி மேசைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. "அக்கா, நீ நம்ம ஊருதானே?"

யாமினி மைதானத்தை நோக்கிக் கையைக் காட்டினாள். மிச்சமிருந்த நொடிகளில் யாரும் எதுவும் போடவில்லை. கூடுதலாக ஐந்து நிமிஷம் ஆட வேண்டும் என்று ஆனது.

அந்த ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அவள் தாளை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள். எட்டுப் பேர். இரண்டு பேர் ஐந்து ஃபவுலில் போயாயிற்று. ஒருத்தி கால் சுளுக்கி, பெஞ்சில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தாள். மிச்சம் ஐந்தே பேர். அதில் மூன்று பேருக்கு நான்கு ஃபவுல்.

முதல் நிமிஷத்திலேயே நம்பர் ஏழு வேங்கடலக்ஷ்மியின் மணிக்கட்டை அடித்தாள். யாமினி ஐந்தாவது கட்டத்தை நிரப்பி, ஐந்து விரலையும் விரித்துத் தூக்கிக் காட்டினாள். ஸ்ரீஹரி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான். அனுப்ப ஆள் இல்லை. நான்கு பேர் ஆடினார்கள். இரண்டு நிமிஷம் கழித்து இன்னொருத்தி. யாமினி மறுபடியும் கையைத் தூக்கினாள். இந்தத் தடவை கொஞ்சம் அதிக நேரம் தூக்கியே வைத்திருந்தாள். மூன்று பேர் ஆடினார்கள். கயிற்றுக்கு வெளியே மாதவி மொட்டைத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எட்டே ஜாஸ்தின்னு சொன்னாரே சார்" என்று தரணி மெல்லச் சொன்னாள். யாமினி அவளை நிமிர்ந்து பார்க்காமல் எழுதினாள். ஐம்பத்தாறு, நாற்பத்தேழு.

பிச்சாட்டூர் பெண்களுக்கு எப்படிக் கூத்தாடுவது என்றே தெரியவில்லை. ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஸ்ரீஹரி வந்து தாளைப் பிடுங்காத குறையாக வாங்கினான். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தான். சிவப்பைப் பார்த்தான், நீலத்தைப் பார்த்தான், ஃபவுல்களைக் கூட்டினான். இரண்டு தடவை கூட்டினான்.

"ஆட்சேபணை இருந்தா உங்க கேப்டனைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க சார். இங்க ஒரு கட்டம் இருக்குது." யாமினி தன் முழங்கையை மேசையிலிருந்து எடுத்து, கட்டத்தின் பக்கத்தில் பேனாவை வைத்தாள். "விசாரிப்பாங்க."

அவன் பேனாவைத் தொடவில்லை. தாளைத் திருப்பித் தந்தான்.

அவள் மூன்றையும் பிரித்தாள். ரோஸ் பிரதியை வேங்கடலக்ஷ்மியிடம் நீட்டினாள். அந்தப் பெண் யாமினியின் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனாள். மஞ்சளை ஸ்ரீஹரியிடம் கொடுத்தாள். அதன் மேலேயே, பையிலிருந்து எடுத்த இன்னொரு மஞ்சளையும் வைத்தாள். மடிப்பில் கிழிந்து, ஓரம் வெளுத்திருந்தது.

"இது இன்னா?"

"இதுவும் உங்களுதுதான் சார். உங்க எழுத்து. மூணாவது குவார்ட்டர் பாருங்க, நம்பர் ஒம்போது. ஒண்ணு காணோம்."

அவன் வருஷத்தைப் பார்த்தான். கீழே தன் கையெழுத்தைப் பார்த்தான். பிறகுதான், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அவள் முகத்தைப் பார்த்தான். "எப்பவோ நடந்ததுக்கு இப்ப இன்னாத்துக்கு மேடம் இது?"

"கம்ப்ளைண்ட் குடுன்னு சொன்னீங்களே. குடுத்துட்டேன்."

அவன் இரண்டு தாளையும் மடிக்கத் தெரியாமல் மடித்துக்கொண்டு நின்றான். அவனைக் கூப்பிட யாரும் வரவில்லை. யாமினி பேனாக்களை மூடி, அடுத்த ஆட்டத்துக்கான வெற்றுத் தாளை எடுத்துக் கார்பனைச் சொருகினாள். தரணி டீ வாங்கி வந்து வைத்தாள். அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

கயிற்றுக்கு அப்பால் வேங்கடலக்ஷ்மி ரோஸ் தாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனில் கத்திக்கொண்டிருந்தாள்.

"நைனா, பதினொன்றரை பஸ்ஸுல வரல நாங்க. இல்ல நைனா, யாருக்கும் ஒண்ணும் ஆவல. நாலு மணிக்கு இன்னொரு மேட்ச்சு. அதுலயும் ஜெயிச்சா சித்தூருக்குப் போவணுமாம். மாத்துத் துணிதான் ஒண்ணும் இல்ல, யார் கையிலயாவது குடுத்தனுப்பு. ஜெயிச்சுப்பூட்டோம் நைனா. காதுல உழுதா? ஜெயிச்சுப்பூட்டோம்."